அயர்லாந்தின் கைத்தொழிற் பாடசாலைகளும் கேட்கப்படாத கணக்கும்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலே கன்னமாரா என்னும் பிரதேசம் இருக்கின்றது. கல்லும் சதுப்பும் கடற்காற்றும் மலிந்த அந்நிலப்பரப்பில் லெற்றர்பிராக் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. ஊர்ப்புறத்து மரச்செறிவினுள்ளே ஒரு சிறு சேமக்காலை. எழுபதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். 1887ஆம் ஆண்டு தொடக்கம் 1974ஆம் ஆண்டு வரை கிறிஸ்தவ சகோதரர் சபையார் அவ்வூரில் நடத்திவந்த சூசையப்பர் கைத்தொழிற் பாடசாலையின் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்னும் கேள்வியைக் காட்டிலும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் உறங்கி எழுந்து, உயிரோடு வெளியேறியவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்னும் கேள்வியே பின்னாளில் அந்நாட்டின் அரசையும் திருச்சபையையும் ஒருசேரத் தலைகுனிய வைத்தது.

அயர்லாந்து, இலங்கையிலும் சற்றுப் பெரிய தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் உண்டாயிற்று. பஞ்சத்தின் பின்னர் தெருவில் அலைந்த பிள்ளைகளை என்ன செய்வது என்பது அன்று நாட்டை ஆண்ட பிரித்தானியருக்கு ஒரு பிரச்சினையாயிற்று. குற்றம் புரிந்த சிறுவருக்கென 1858ஆம் ஆண்டில் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம் வந்தது. குற்றம் எதுவும் புரியாமலே வறுமையில் வாடிய பிள்ளைகளுக்கென 1868ஆம் ஆண்டில் கைத்தொழிற் பாடசாலைச் சட்டம் வந்தது. கட்டடத்தைத் துறவற சபைகள் அமைத்து நடத்தும். பிள்ளையை நீதிமன்றம் அனுப்பும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று பொதுப்பணத்திலிருந்து வாராவாரம் படி வழங்கப்படும். இதுவே ஏற்பாடு. டப்ளின் நகரின் புறத்தே ஆர்ட்டேனில் 1870ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாடசாலை, எண்ணூறுக்கு மேற்பட்ட சிறுவர்களை ஒருங்கே வைத்திருக்கும் அளவுக்குப் பெருகியது. நாடெங்கும் பல பாடசாலைகள் தோன்றின. பெண்பிள்ளைகளின் பாடசாலைகளைப் பெரும்பாலும் இரக்கச் சகோதரிகள் சபையார் நடத்தினர்.

1922ஆம் ஆண்டில் சுயாட்சி வந்தது, கொடி மாறியது, ஆயின் இந்த ஏற்பாடு மாறவில்லை. இங்கிலாந்து 1933ஆம் ஆண்டிலேயே கைத்தொழிற் பாடசாலை என்னும் அமைப்பைச் சட்டத்தால் அகற்றிவிட்டது. பிரித்தானியர் விட்டுச்சென்ற எத்தனையோ நிறுவனங்களை வெறுத்து ஒதுக்கிய சுதந்திர அயர்லாந்து இதை மாத்திரம் பேணிக் காத்தது வியப்புக்குரியதே. காரணம் தேடினால் கிட்டாமற் போகாது. புதிய அரசிடம் பணம் இல்லை. திருச்சபையிடம் கட்டடங்களும் ஆட்களும் மக்களின் நம்பிக்கையும் இருந்தன. அந்நிய ஆட்சியின் கீழ் ஏழைகளோடு நின்ற சபைகள் ஏழைகளுக்குத் தீங்கு செய்யும் என்று எண்ணுவதே பாவம் எனக் கருதிய காலம் அது.

அப்பாடசாலைகளுக்குச் சென்றவர்கள் அநாதைகள் என்று வெளியார் எண்ணியிருந்தனர். உண்மையில் அவர்களிற் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருந்தனர். விதவையான ஒரு தாய், வேலையிழந்த ஒரு தந்தை, மணமாகாத ஒரு பெண் — இத்தகையோரின் பிள்ளைகள் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பிச்சையேற்றமை, வீடற்று அலைந்தமை, தக்க பாதுகாவலர் இல்லாமை, பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்லாமை ஆகியன 1908ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டத்தின்படி போதிய காரணங்கள். நீதிபதியின் கட்டளையில் இருந்த சொல் "தடுத்து வைத்தல்" என்பதாகும். பதினாறு வயது நிறையும்வரை அந்தத் தடுப்பு நீடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினோராண்டுத் தடுப்பு என்றால், வளர்ந்த கள்வனுக்கும் அக்காலத்தில் எளிதிற் கிடையாத தண்டனை அது. தப்பியோடிய பிள்ளையைப் பொலிசார் பிடித்து அதே வாயிலிற் கொண்டுபோய் விட்டனர்.

தலைக்கணக்குப் படி என்னும் முறையில் ஒரு கேடு மறைந்து கிடந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்தால் பாடசாலையின் வருவாய் குறையும். ஆகவே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைப்பதில் நிருவாகிகளுக்கு இலாபம் இல்லை. பாடசாலைக்குச் சென்ற அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தாயின் கையிற் கொடுத்திருந்தால் அநேக குடும்பங்கள் பிரியாமலே இருந்திருக்கும். அதைச் சொல்ல அன்று பொருளியல் வல்லுநர் எவரும் தேவைப்பட்டிருக்கமாட்டார். ஆயினும் அவ்வழி செல்லப்படவில்லை.

வெளியிலிருந்து நோக்கியவர்க்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றிற்று. ஆர்ட்டேன் சிறுவர்களின் வாத்தியக்குழு டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானத்திலே பெரும் போட்டிகளின்போது சீருடையணிந்து அணிவகுத்து வாசித்தது. பல்லாயிரவர் கைதட்டினர். அக்குழுவிலே கொம்பூதிய சிறுவன் அன்றிரவு எங்கே உறங்கினான், என்ன உண்டான் என்று கேட்டவர் அரிது. டப்ளினின் கோல்டன்பிரிட்ஜ் பாடசாலையில் பெண்பிள்ளைகள் செபமாலை கோத்தனர். பத்து மணி கொண்ட கோவைகள் நாளொன்றுக்கு அறுபது ஒவ்வொருத்தியும் முடிக்கவேண்டும். கம்பி விரலைக் கிழித்தாலும் கணக்குக் குறையக்கூடாது, குறைந்தால் அடி. பக்தியோடு செபமாலையைக் கையிலெடுத்த மக்கள் அந்த மணிகள் எவர் விரல்களால் கோக்கப்பட்டவை என்பதை அறிந்திருக்கவில்லை.

எவரும் அறியவில்லை என்று பின்னாளில் கூறப்பட்டதுண்டு. அக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்காது. கல்வித் திணைக்களத்தின் மருத்துவப் பரிசோதகராக 1939ஆம் ஆண்டில் நியமனம் பெற்ற அன்னா மக்கேப் அம்மையார், நாற்பதுகளிலே பல பாடசாலைகளைச் சுற்றிப்பார்த்துப் பிள்ளைகள் அரைவயிற்றோடு மெலிந்து கிடப்பதை எழுத்தில் வைத்தார். அவர் பிள்ளைகளின் நிறையை அளந்து பதியச் செய்ததன் பயனாக உணவு ஓரளவு சீர்பெற்றது. ஆனால் அடியையும் அச்சத்தையும் அளக்கும் தராசு திணைக்களத்திடம் இருக்கவில்லை. தண்டனை மிதமாக இருக்கவேண்டும், கொடுத்த தண்டனையை ஒரு புத்தகத்திற் பதியவேண்டும் என்ற விதிகள் இருந்தன. புத்தகம் பெரும்பாலான இடங்களில் வைக்கப்படவே இல்லை. வைக்கப்படாததைத் திணைக்களமும் கேட்கவில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஆண்பிள்ளைகளின் பாடசாலைகளிலே சில சகோதரர்கள் பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினர். இது தெரியவந்த வேளைகளில் சபை மேலிடம் கையாண்ட முறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: எச்சரிக்கை, இடமாற்றம், சிலவேளை சபையிலிருந்து விலக அனுமதி. பொலிசாருக்கு அறிவிப்பது வழக்கமன்று. இடமாற்றம் பெற்றவர் சென்ற இடமும் பல தடவை மற்றொரு பாடசாலையே. றோமாபுரியிலிருந்த சபை ஆவணங்கள் பின்னர் ஆராயப்பட்டபோது, இக்குற்றங்களைச் சபை மேலிடம் நீண்ட காலமாக அறிந்திருந்தமை வெளிப்பட்டது. அந்தக் கடிதங்களில் கவலை உண்டு. தவறிழைத்த சகோதரரின் ஆன்மாவைப் பற்றியும் சபையின் நற்பெயரைப் பற்றியும் எழுந்த கவலை அது. பிள்ளைக்கு நேர்ந்தது என்ன, பிள்ளைக்கு இனிச் செய்யவேண்டியது என்ன என்னும் வினா அவற்றிற் பெரும்பாலும் இடம்பெறவே இல்லை.

குரல் எழுப்பியோர் இல்லாமல் இல்லை. அவர்களுள் முதன்மையானவர் திருச்சபைக்கு உள்ளேயிருந்தே வந்தார். கோல்வே மாவட்டத்துப் பலிமோ என்னும் ஊரின் அருகே பிறந்த எட்வேட் பிளனகன் அடிகளார், அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலே 1917ஆம் ஆண்டில் "சிறுவர் நகர்" என்னும் இல்லத்தை நிறுவியவர். 1938ஆம் ஆண்டில் அவருடைய பணி திரைப்படமாகவும் வந்து உலகப்புகழ் பெற்றது. 1946ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டுக்கு வந்தபோது மக்கள் திரளாக வரவேற்றனர். அடிகளார் முகமன் கூறிவிட்டுத் திரும்பிச் செல்லவில்லை. கோர்க் நகரிலே கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன், இத்தண்டனைக் கூடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்ப இடங்கொடுப்பவர்கள் நீங்களே, இதை மாற்றக்கூடியவர்களும் நீங்களே என்ற கருத்தை வெளிப்படையாகக் கூறினார். நீதி அமைச்சர் ஜெறால்ட் போலன்ட் பாராளுமன்றத்தில் அளித்த விடை, அடிகளாரின் கூற்றுகள் மிகைப்பட்டவை, எவரும் பொருட்படுத்தமாட்டார்கள் என்பதாகும். அடிகளார் 1948ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் காலமானார். திருச்சபையை எதிர்ப்பவர் என்று ஒதுக்கித் தள்ளமுடியாத ஒரு குருவானவரின் சொல்லுக்கே கதி இதுவானால், பத்து வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பியடர் கவன் என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்திலே ஒரு சம்பவத்தை எடுத்துரைத்தார். ஆர்ட்டேனில் ஒரு சிறுவன் சகோதரர் ஒருவரால் அடிக்கப்பட்டுக் கை முறிந்து மருத்துவமனையிற் கிடந்தான். மகனைக் காணத் தாய் பட்ட பாடு பெரிது. கல்வி அமைச்சர் ஷோன் மொய்லன் சம்பவத்தை மறுக்கவில்லை. இது தனியொரு நிகழ்ச்சி என்றார். உயர்ந்த இலட்சியமுடைய ஒரு சபையார் வேண்டுமென்றே பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவர் எனத் தம்மாற் கற்பனை செய்யவும் இயலாது என்றார். கற்பனை செய்ய இயலாமை ஓர் அமைச்சரின் விடையாகப் பாராளுமன்றப் பதிவேட்டில் நிற்பது விந்தைதான். முறிந்த கை கற்பனையன்று.

இக்காலத்திலே இங்கிலாந்தில் தையற்காரராக வாழ்ந்துவந்த பீற்றர் டிரெல் என்பவர் தனியே ஒரு போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1924ஆம் ஆண்டில், எட்டு வயதில், வறுமையின் காரணமாகவே லெற்றர்பிராக்கிற் சேர்க்கப்பட்டவர் அவர். பதினாறு வயதில் வெளியேறினார். பிரித்தானியப் படையிற் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மானியரிடம் சிறைப்பட்டார். அந்தச் சிறைமுகாம் லெற்றர்பிராக்கோடு ஒப்பிட எவ்வளவோ மேலானது என்று அவர் எழுதினார். சபை மேலிடத்துக்கும் அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் ஓயாது கடிதங்கள் வரைந்தார். 1958ஆம் ஆண்டளவில், பாடசாலைகளில் உடற்றண்டனையை எதிர்த்துவந்த செனற்றர் ஓவன் ஷீஹி ஸ்கெபிங்ரன் மட்டுமே அவருக்குச் செவிகொடுத்தார். வாழ்க்கையை முழுவதும் எழுதிவைக்குமாறு ஊக்கினார். டிரெல் எழுதினார். எழுதியதை வெளியிட எவரும் முன்வரவில்லை. 1967ஆம் ஆண்டில் அவர் இலண்டனிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உடல் யாருடையது என்பது ஏறத்தாழ ஓராண்டு தெரியாதிருந்தது. அருகே கிடந்த ஒரு தபாலட்டையின் எஞ்சிய துண்டில் ஸ்கெபிங்ரனின் பெயரும் டப்ளின் என்ற சொல்லும் இருந்தமையாலேயே உண்மை துலங்கியது. கையெழுத்துப் பிரதி செனற்றரின் தாள்களோடு தேசிய நூலகத்திற் கிடந்து, 2006ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

அறுபதுகளின் முடிவில் காலம் சற்றே திரும்பியது. மாவட்ட நீதிபதி எயிலீன் கென்னடி அம்மையாரைத் தலைவராகக் கொண்ட குழு ஒன்று 1967ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டில் இவ்வமைப்பை ஒழிக்கவேண்டும் என்று அறிக்கை தந்தது. துணிந்த அறிக்கைதான். ஆயினும் அதில் ஓர் இடைவெளி உண்டு. குழுவினர் 1968ஆம் ஆண்டில் டெயிங்கன் சீர்திருத்தப் பாடசாலைக்குச் சென்றிருந்தபோது, சிறுவர்களை ஆடை களைந்து கசையால் அடிப்பதுண்டு என்று அதன் நிருவாகியே மறைக்காமற் சொன்னார். காரணம் வினவியபோது, அவமானம் அதனால் மிகும் என்பது விடை. குழுவினர் திடுக்குற்றனர், அவ்வழக்கத்தை நிறுத்துவிக்கவும் முயன்றனர். ஆனால் வெளியிட்ட அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நல்லெண்ணம் உடையவர்களும் இப்படியே நடந்துகொண்டனர் என்பதை ஊன்றி நோக்கவேண்டும். தீமையை நிறுத்தலாம், ஆனால் நாடறியச் சொல்லலாகாது என்ற மனப்பாங்கு அது. பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன: ஆர்ட்டேன் 1969இல், லெற்றர்பிராக் 1974இல். மூடிய வாயில்களோடு கணக்கும் மூடப்பட்டதாகவே எல்லோரும் நடந்துகொண்டனர்.

அந்தக் கணக்கை மீண்டும் திறந்தது ஒலிபரப்பின் வலிமை எனலாம். 1996ஆம் ஆண்டில் கோல்டன்பிரிட்ஜில் வளர்ந்த கிறிஸ்ரின் பக்லி என்னும் பெண்மணியின் கதை அயர்லாந்தின் தேசிய ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.ரி.ஈ. தொலைக்காட்சியில் இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டில் மேரி ராப்டரி என்னும் பத்திரிகையாளர் மூன்று பகுதிகளாக ஒரு தொடரை அதே நிறுவனத்துக்காகத் தயாரித்தார். அவர் கண்ணீர்க் கதைகளோடு நின்றுவிடவில்லை. திணைக்களத்தின் பழைய கோப்புகளைத் தேடிப் படித்து, அரசு அறிந்திருந்தது என்பதை அரசின் எழுத்தாலேயே காட்டினார். இறுதிப் பகுதி ஒளிபரப்பாகவிருந்த அதே மே மாதம் 11ஆந் திகதி பிரதமர் பேர்ட்டி அஹேர்ன், பிள்ளைகளின் வேதனையைக் காணவும் தடுக்கவும் தவறியமைக்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிதறிக் கிடந்த நரைத்த தலையினர் பலர் தம் மனைவி மக்களுக்கும் சொல்லாதிருந்ததை அந்நாட்களிலேதான் முதன்முறையாக வாய்திறந்து சொன்னார்கள்.

2000ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவராயிருந்த நீதியரசர் மேரி லபோய் அம்மையார், தமக்கு ஆவணங்களைத் தரவேண்டிய கல்வித் திணைக்களமே தாமதமும் தடையும் செய்வதாகக் கண்டு, 2003ஆம் ஆண்டிற் பதவி துறக்கும் முடிவை அறிவித்தார். விசாரிக்கப்படவேண்டிய திணைக்களமே விசாரணைக்கு ஆதரவு வழங்கும் திணைக்களமாகவும் இருந்தது! அவருக்குப் பின் ஷோன் றயன் தலைமை ஏற்றார். இதனிடையே கிறிஸ்தவ சகோதரர் சபையார், இறந்துபோனவர்களும் முதுமையால் தளர்ந்தவர்களும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்கள் என்று கூறி, உயர் நீதிமன்றத்தை நாடினர். முடிவில் குற்றஞ்சாட்டப்பட்டோரின் உண்மைப் பெயர்களை வெளியிடுவதில்லை என்று ஆணைக்குழு தீர்மானித்தது. விசாரணை அதன் பின்னரே விரைந்தது என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று.

2009ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய 2,600 பக்கங்கள். ஆணைக்குழுவின் இரகசியக் குழுவின் முன் மாத்திரம் 1,090 ஆண்களும் பெண்களும் சாட்சியம் கூறியிருந்தனர். அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்கள் 216. ஆண்பிள்ளைகளின் நிறுவனங்களிலே பாலியற் கொடுமை வேரூன்றிப் பரவியிருந்தது என்றும், அடியும் அச்சமும் ஆட்சிமுறையாகவே இருந்தன என்றும், கல்வித் திணைக்களம் சபைகளின் முன் பணிந்து வணங்கி நின்றமையால் தன் கடமையைச் செய்யவில்லை என்றும் அறிக்கை கண்டது. அன்பு காட்டிய சகோதரரும் சகோதரியும் இருந்தனர் என்பதையும் அது பதிந்திருக்கின்றது. முதுமையிலும் அத்தகைய ஒருவரின் ஒரு நல்ல சொல்லைச் சிலர் நினைவில் வைத்திருந்து கூறினராம். ஒரு நல்ல சொல் அறுபது ஆண்டுகள் நினைவில் நின்றமை அங்கே அது எத்துணை அரிதாயிருந்தது என்பதைக் காட்டுகின்றது. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு எழுதிய நிருபத்தில் வருத்தம் தெரிவித்தார்.

பொறுப்பை ஏற்பது சொல்லோடு முடிவதில்லை. அதற்குப் பணமும் பதிவும் வேண்டும். பணத்தின் வரலாறு பின்வருமாறு. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அறிக்கை வருவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, கல்வி அமைச்சர் மைக்கல் வூட்ஸ் 18 துறவற சபைகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். சபைகள் பணமாகவும் நிலபுலனாகவும் உளவளச் சேவையாகவும் 128 மில்லியன் யூரோ பெறுமதியைத் தரும். பதிலாக, நட்டஈட்டு வழக்குகளின் சுமையை அரசே ஏற்கும். பாதிக்கப்பட்டோர் தொகை எவ்வளவு என்று எவருக்கும் அன்று தெரியாது. நட்டஈடு பெற்றவர்கள் பின்னர் பதினையாயிரத்தைத் தாண்டினர். முழுச் செலவு ஏறக்குறைய 1.5 பில்லியன் யூரோ என்று 2017ஆம் ஆண்டில் அரசின் கணக்காய்வாளர் மதிப்பிட்டார். 2009ஆம் ஆண்டின் அறிக்கைக்குப் பின் சபைகள் மேலதிகமாகத் தருவதாகச் சொன்னவையும் உண்டு. ஆயினும் அவற்றிடமிருந்து அதுவரை உண்மையிற் கிடைத்திருந்தது முழுச் செலவில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதை வரி செலுத்துவோர் கொடுத்தனர். அவ்வரி செலுத்துவோரில் அந்தப் பாடசாலைகளில் வளர்ந்தவர்களும் அடங்குவர்.

பதிவின் வரலாறு இன்னும் கசப்பானது. நட்டஈட்டுச் சட்டம், பணம் பெற்றவர் தாம் பெற்ற தொகையையும் விசாரணையில் நடந்தவற்றையும் வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிள்ளைப்பருவத்தில் வாய்மூடியிருக்கக் கற்பிக்கப்பட்டவர்கள், முதுமையில் அதே பாடத்தைச் சட்டத்தின் வாயிலாக மறுபடியும் கேட்கவேண்டியதாயிற்று.

விசாரணை இவ்வளவில் முற்றுப்பெறவுமில்லை. 2009ஆம் ஆண்டின் அறிக்கை பெரும்பாலும் பிள்ளைகள் தங்கி வளர்ந்த நிறுவனங்களைப் பற்றியது. துறவற சபைகள் நடத்திய பகற் பாடசாலைகளும் விடுதிப் பாடசாலைகளும் பின்னரே ஆராயப்பட்டன. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளியான பூர்வாங்க விசாரணை அறிக்கை, சபைகளின் பதிவேடுகளிலிருந்தே 308 பாடசாலைகளைச் சேர்ந்த 2,395 பாலியற் கொடுமை முறைப்பாடுகளைத் திரட்டிக் காட்டியது. சட்ட அதிகாரமுள்ள ஆணைக்குழு ஒன்றை நியமிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. முறைப்பாடுகளிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தோர் 884 பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன்னரே இறந்துவிட்டிருந்தனர்.